அண்டாவை ஒட்ட வந்த அமெரிக்க மெஷின்

புத்தகத்தில் எழுபத்திரண்டு பக்கங்கள். பச்சை அட்டை, அதில் யாரோ ஒரு அமெரிக்கனின் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருந்தது. அதைப் படித்துச் சொல்வதற்காகத்தான் வெள்ளைத்துரை மாமா என்னைத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தர்கூடவா மயிலாப்பூர்ல கிடைக்கலை?" என்று அம்மா கேட்டாள்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான் அக்கா. கெமிஸ்ட்ரியும் தெரிஞ்சு, வேலையும் இல்லாம வீட்டுல உட்கார்ந்திருக்கறது உன் பொண்ணு செண்பகம் ஒருத்திதான்."

அது உண்மைதான். 1948-ஆம் வருஷம் ஆவணி மாதம். நான் பி.எஸ்ஸி. தேறி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடங்களுக்கு எட்டு விண்ணப்பங்கள் போட்டிருந்தேன். அம்மாவைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பட்டறை கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஓட்டுக்கூரை, மூன்று பக்கம் சுவர், தெருப்பக்கம் திறப்பு. பஸ் ரேடியேட்டர், இரும்பு கேட், பள்ளிக்கூட மணி என்று எது உடைந்து வந்தாலும் அங்கே ஒட்டிக் கொடுப்பார்கள். அலுமினியம் வந்தால் மட்டும் எல்லோரும் இனாயத் பாயின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இனாயத் பாய்க்கு முப்பத்தைந்து வயது. ஜாம்பஜாரிலிருந்து சைக்கிளில் வருவார். மாமாவை 'சேட்' என்றுதான் கூப்பிடுவார். கார்பைடு கேஸ் வைத்து வெல்டிங் செய்பவர்களில் அந்த வட்டாரத்திலேயே அவர்தான் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

அலுமினியத்தின் குணம் அப்படி. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் எதையும் காட்டாது. வெள்ளையாகவே இருந்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டையாகிவிடும். போதாததற்கு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல், பாலின்மேல் ஆடை படிகிற மாதிரி. உள்ளே உலோகம் உருகினாலும் தோல் உருகாமல் பிடித்துக்கொள்ளும். இனாயத் பாய் அந்தத் தோலைக் கரைக்க ஒரு மருந்துப் பொடி தடவுவார். சூடு போதுமா என்று அறிய ஒரு வேப்பங்குச்சியால் உரசுவார். குச்சி கறுப்புக் கோடு போட்டால் சூடு சரி.

எல்லாம் நல்ல முறைதான். ஆனால் வேலை முடிந்ததும் அந்த மருந்தை மிச்சமில்லாமல் கழுவவேண்டும். மிஞ்சினால் அது அலுமினியத்தையே அரித்துவிடும். மாசி மாதம் இனாயத் பாய் ஒட்டிக்கொடுத்த ஒரு பெரிய அண்டா, ஆவணி பிறந்ததும் ஒட்டின கோடு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டையாகித் திரும்பி வந்தது.

அண்டாக்காரர் ஸ்ரீரங்கன், கல்யாணச் சமையல்காரர். ஐம்பது படி பால் பிடிக்கும் அண்டா அது.

"என்ன ஓய் ஒட்டினேள்? பாலைக் காய்ச்சினா அடுப்புக்கும் அபிஷேகம் ஆறது" என்றார். "வெள்ளிக்கிழமை அபிராமபுரத்துல முகூர்த்தம். வியாழன் சாயங்காலம் எனக்கு அண்டா வேணும். ரேஷன் காலம், சாப்பாட்டுக்குத்தான் சர்க்கார் இத்தனை பேர்னு கணக்கு வெச்சிருக்கா. காபிக்கு வைக்கலை. வரவா அத்தனை பேரும் காபிதான் கேக்கப்போறா."

"இந்த வாட்டி மெஷின்லயே ஒட்டிடறோம்" என்று சொன்னவர் இனாயத் பாய் அல்ல, நெடுஞ்செழியன்.

நெடுஞ்செழியனுக்கு இருபத்துநான்கு வயது. அப்பா அம்மா வைத்த பேர் எத்திராஜு. அதைக் களைந்துவிட்டுத் தானே இந்தப் பேரை வைத்துக்கொண்டு, கறுப்புச் சட்டையும் போட்டுக்கொண்டிருந்தார். "உன் பேரைக் கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு கார்பைடு தீர்ந்துடுது நைனா" என்பார் இனாயத் பாய். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. முன்பு பஸ் பாடி தட்டுகிற கொட்டகையில் இருந்தார். மீனம்பாக்கத்தில் ராணுவ மிச்சச் சாமான்கள் ஏலம் விட்டபோது மாமாவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டுபோய் இந்த மெஷினை வாங்க வைத்தது அவர்தான்.

அமெரிக்கர்கள் ஆகாய விமானங்களின் அலுமினியத்தை அதில் ஒட்டினார்களாம். மருந்துப் பொடி வேண்டாம். நெருப்பும் வேண்டாம். கையில் பிடித்து ஒட்டுகிற டார்ச்சின் வாயில் ஒரு டங்ஸ்டன் ஊசி. மின்சாரம் அந்த ஊசி முனையிலிருந்து உலோகத்துக்குத் தாவும். ஊசியைச் சுற்றி ஒரு பீங்கான் மூக்கு. அதன் வழியாக ஹீலியம் வாயு இறங்கி, உருகின உலோகத்தைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். மெஷினோடு இரண்டு சிலிண்டர் ஹீலியம் வந்திருந்தது. சென்னையில் வேறெங்கும் அந்த வாயு கிடையாது.

மெஷின் வந்த அன்று மாமா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். நெடுஞ்செழியன் பூஜை முடியும்வரை சந்து முனையில் போய் நின்றுகொண்டார். "கரண்டுக்கு எதுக்குப் பொட்டு?" என்று தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கேட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை, மாமா அவரிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள அண்டாவை உன் மெஷின் ஒட்டணும். ஒட்டலைன்னா மெஷினைக் காயலாங்கடைக்குத் தள்ளிடுவேன். நீ பழையபடி பஸ் பாடி தட்டப் போயிடு. உன் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினேன், ஆமா."

"ஒட்டும்" என்றார் நெடுஞ்செழியன். பிறகு என்னைப் பார்த்து, "தோழர்தான் புஸ்தகம் படிக்கப் போறாங்களா?" என்றார்.

"தோழரா? அது என் அக்கா பொண்ணுப்பா" என்றார் மாமா.

நான் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். எழுபத்திரண்டு பக்கமும் அந்த வகையில் உதவியாக இருந்தது.

முதல் ஒட்டைத் துண்டுத் தகட்டில் போட்டுப் பார்த்தார்கள். மெஷின் உறுமியது. நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். தகட்டின்மேல் கரியும் நுரையுமாக ஏதோ பொங்கிக் கிடந்தது.

இனாயத் பாய் குனிந்து பார்த்தார். "ஒட்டச் சொன்னா வடை சுட்டு வெச்சிக்கினு கீறியே நைனா."

"மொத தடவை அப்படித்தான் வரும்."

"ஆமா ஆமா. மொத ஈடு வடை கருகத்தான் செய்யும்."

புத்தகத்தின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் 'தொல்லைகளும் காரணங்களும்' என்று ஓர் அட்டவணை இருந்தது. கறுத்த ஒட்டுக்கு மட்டும் ஏழு காரணங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. இனாயத் பாய் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி, "மெஷினை நிறுத்துங்கப்பா, பி.எஸ்ஸி. அம்மா பேசறாங்க" என்பார். எல்லாம் நின்று, மூன்று பேரும் என்னையே பார்ப்பார்கள். அதற்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலே தேவலாம் என்றிருக்கும்.

முதல் காரணம் அழுக்கு. துடைக்கிற பஞ்சில் எண்ணெய் இருக்கக் கூடாது. இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷால் அலுமினியத்தைத் தேய்க்கக் கூடாது. பட்டறையில் எண்ணெய் இல்லாத பஞ்சே கிடையாது. நெடுஞ்செழியன் ராயப்பேட்டைவரை நடந்துபோய்ப் புது பிரஷ் வாங்கி வந்தார். அதை யாரும் தொடாமல் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். டார்ச்சும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. சாவி எப்போதும் அவருடைய அரைஞாணில்.

தகட்டைச் சோடா போட்டுக் கழுவி, புது பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி ஒட்டினார். மறுபடியும் கறுப்பு.

இரண்டாவது காரணம் காற்று. ஹீலியம் மிக லேசானது. சின்னக் காற்று அடித்தாலும் இடத்தைவிட்டுப் போய்விடும். 'மின்விசிறிகளை நிறுத்தவும்' என்று போட்டிருந்தது. பட்டறையில் மின்விசிறியே இல்லை. ஆனால் மணி இரண்டரைக்குக் கடல்காற்று சந்துக்குள் நுழைந்து, நான் கையில் வைத்திருந்த பக்கத்தைத் தானே புரட்டியது.

"கடலை நிறுத்தறது எப்படின்னு போட்டிருக்கான்னு பாரும்மா" என்றார் இனாயத் பாய்.

செவ்வாய்க்கிழமை திறந்த பக்கம் முழுக்கக் கோணிகளை நனைத்துத் தொங்கவிட்டார்கள். உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. காற்று நின்றது. ஒட்டு கொஞ்சம்கூட வெளுக்கவில்லை.

மூன்றாவது காரணம் மின்சாரம். மெஷினில் ஒரு குமிழ் இருந்தது. எழுத்துகள் தேய்ந்துபோனதால் மாமா பார்வைக்கு அழகாகத் தெரிந்த பக்கம் திருப்பி வைத்திருந்தார். அந்தப் பக்கம் நேர் மின்சாரம். அதில் ஊசி முனையே உருகிச் சொட்டும் அல்லது அலுமினியத்தின் தோல் உரியாது. அலுமினியத்துக்கு மாறுமின்சாரம்தான் வேண்டும். அது ஒரு திசையில் போகும்போது தோலை உரிக்கும், மறு திசையில் வரும்போது ஊசியை ஆறவிடும். புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட்டு, குமிழைத் திருப்பச் சொன்னேன். சத்தமே மாறியது. ஒட்டின் ஓரங்களில் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளி தெரிந்தது. நடுவில் அதே கரி.

"வெளுக்குது, வெளுக்குது" என்றார் நெடுஞ்செழியன்.

"கரைவேட்டி கட்டியிருக்குது" என்றார் இனாயத் பாய்.

சிரித்துவிடக் கூடாது என்று நான் அட்டவணையைப் பார்த்தேன். ஆனால் நெடுஞ்செழியன் சிலிண்டரின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் முள் ஒரு கோடு இறங்கிக்கொண்டே வந்தது. புதன்கிழமை நண்பகலில் முதல் சிலிண்டர் காலி. அன்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு சாயந்தரம் அப்படியே திரும்பிப் போனது.

"விட்டுடுப்பா" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"நாளைக்கு சாயந்தரம்னுதானே சொன்னீங்க."

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் இனாயத் பாய். "அது கேஸே இல்லை. வெள்ளைக்காரன் ஊருக்குப் போற அவசரத்துல காத்தை அடைச்சி வித்துட்டுப் போயிருப்பான். கப்பலேறினவனை யார் போய்க் கேக்கறது?"

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். நான் வாயைத் திறந்தேன். மெஷின் ஓடவில்லை, ஆகவே நேராகவே கேட்டுவிட்டது.

"ஒரு பலூன் வேணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஹீலியம்னா பலூன் மேலே போகும். காத்துன்னா போகாது."

இனாயத் பாய் குளத்தங்கரைக்குப் போய் மூன்று பலூன் வாங்கி வந்தார். "ஒண்ணு என் பொண்ணுக்கு. சர்க்கார் வேலைக்கு ரெண்டு" என்றார். புது சிலிண்டரின் வாயில் ஒரு பச்சைப் பலூனை மாட்டித் திறந்தோம். அது பரங்கிக்காய் அளவு உப்பியதும் முடிபோட்டு விட்டேன். நேராக மேலே போய்க் கூரை ஓட்டைத் தொட்டு நின்றது.

"சரி. அமெரிக்காக்காரன் யோக்கியன்" என்றார் இனாயத் பாய்.

"அப்போ அயோக்கியன் யாரு?" என்றார் மாமா.

நெடுஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது கேலியாகப் படவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சிலிண்டரின் வாயில் ஹீலியம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஒட்டு நடப்பது அங்கே இல்லையே. டார்ச் இருப்பது குழாயின் மறுமுனையில், எட்டு முழம் தள்ளி. முள் அழுத்தத்தைக் காட்டுகிறது, எவ்வளவு வாயு வந்து சேருகிறது என்பதைக் காட்டவில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் வீட்டில் என்ன செய்வோம்? இந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது, அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்ப்போம். நான்கு வருஷம் கெமிஸ்ட்ரி படித்ததற்கு இது இரண்டு நாள் முன்னதாகத் தோன்றியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை. கோணிகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த பலூனை எடுத்து நெடுஞ்செழியனிடம் நீட்டினேன். "டார்ச் மூக்குல மாட்டிப் பாருங்க."

மாட்டினார். வாயுவைத் திறந்தார். எல்லோரும் காத்திருந்தோம். பலூன் ஒரு சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்தது. அதற்குமேல் நத்தை மாதிரிதான் ஏறியது.

"அடைப்பு" என்றேன்.

அவர் பீங்கான் மூக்கைத் திருகிக் கழற்றினார். உள்ளே, ஊசியைச் சுற்றி வாயு வெளிவரும் சின்னத் துளைகள் ஆறு. நான்கு துளைகளில் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"சந்தனம்."

மறுபடி முகர்ந்து பார்த்தார்.

"நான் மெஷின் நெத்தியிலதானே வெச்சேன்" என்றார் மாமா. "டார்ச்சைத் தொடவே இல்லையே. அது அன்னிக்குப் பெட்டிக்குள்ள இருந்தது." அவர் மெதுவாகத் திரும்பினார். "பெட்டிச் சாவி—"

நெடுஞ்செழியனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அலுமினியம் மாதிரி இல்லை அவர். எல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

"நான்தான் வெச்சேன்" என்றார் இனாயத் பாய்.

"நீயா?"

"நான்தான். பெட்டி தெறந்து கெடந்துச்சி. ஒரு தொடு வெச்சேன்."

"உனக்கெதுக்குய்யா சந்தனம்?"

"ஏன், எங்க தர்காவுல சந்தனக்கூடு எடுக்கறதில்லையா? நீங்ககூட வந்து கையில வாங்கிக்கினு போனீங்களே, போன வருசம்."

"நாலு நாளா இந்த மெஷின் வேணாம் வேணாம்னு கத்தினவன் நீ."

"வேணாம்னு சொல்லுவேன் சேட். அதுக்காக அது நாசமாப் போவணும்னா நெனைப்பேன்? புதுசா வந்த சாமான், நல்லா இருக்கட்டும்னு வெச்சேன். மூக்குல மூச்சு விடற ஜாதின்னு யாருக்குத் தெரியும்?"

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சந்தனத்தை எவனாவது மூக்குக்குள்ள வைப்பானாய்யா?" என்று சலித்துக்கொண்டு, தேநீர் சொல்லப் போனார்.

துளைகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் தையல் ஊசியால் குத்தி எடுத்தேன். மஞ்சளாக முதலில் வந்தது. அதற்குக் கீழே சிவப்பாக வந்தது. குங்குமம். கிண்ணத்துத் தண்ணீர் லேசாகச் சிவந்தது. மாமா திரும்பி வருவதற்குள் அதைச் சாக்கடையில் ஊற்றினேன்.

நெடுஞ்செழியன் பக்கத்தில் வந்து பிரஷ்ஷைக் கொடுக்கிற சாக்கில் குனிந்தார்.

"எங்கம்மா குடுத்து அனுப்பிச்சாங்க" என்றார், மிகத் தணிந்த குரலில். "பெரிய மெஷினாச்சே, ஒரு பொட்டு வெச்சிட்டா இன்னா கொறைஞ்சிடப் போறேன்னாங்க. மேல வெச்சா எல்லாருக்கும் தெரியும். அதான் உள்ள வெச்சேன்."

நான் ஊசியைத் துடைத்துவிட்டு, "ஆறு துளையும் தெறந்துடுச்சு" என்றேன்.

துண்டுத் தகட்டில் ஒரு சோதனை. கண்ணாடி வழியே பார்த்தேன். ஊசி முனைக்குக் கீழே ஒரு சின்னக் குளம் உண்டாயிற்று. அதன் மேலிருந்த தோல் ஓரங்களுக்கு விலகிப்போய், குளம் பாதரசம் மாதிரி பளபளத்தது. நெடுஞ்செழியன் அலுமினிய ராடை அதில் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஆறின பிறகு பார்த்தால் வெள்ளி. ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கரா மீனின் செதில் மாதிரி அடுக்கு.

இனாயத் பாய் வெகுநேரம் அதைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "மருந்து போடாம" என்று மட்டும் சொன்னார்.

அண்டாவைச் சாய்த்து வைத்தார்கள். பழைய ஓட்டைக் கோட்டை முழுக்க அரம் வைத்து ராவி எடுத்தாயிற்று. நீளம் இரண்டு சாண். மாறிமாறிச் சோதித்ததில் இரண்டாவது சிலிண்டரிலும் முள் கீழ்ப் பாதிக்கு வந்திருந்தது. மணி மூன்று. கோணிகளுக்கு வெளியே கடல்காற்று மோதிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கனின் மாட்டுவண்டி சந்து முனையில் வந்து நின்றது.

நெடுஞ்செழியன் குந்தி உட்கார்ந்தார். இனாயத் பாய் யாரும் சொல்லாமலேயே எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அண்டா அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னே?" என்று நெடுஞ்செழியன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"உன் சட்டை கறுப்பு. மஞ்சா பட்டா பளிச்சினு தெரியும். என் சட்டைதான் ஏற்கெனவே அழுக்கு. வாயை மூடிக்கினு ஒட்டு, கேஸ் போய்க்கினு கீது."

அவர் ஒட்டினார். நான் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சாண் முடிந்தது. ஒன்றரைச் சாண் முடிந்தது. நான் சொல்லும் எண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. இரண்டு விரல்கடை மிச்சமிருக்கும்போது வெளிச்சத்தின் நிறம் மாறியது. நெடுஞ்செழியன் சட்டென்று டார்ச்சை எடுத்தார். சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

ஒட்டு முடிந்த இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கம். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மாமா அண்டாவைச் சுற்றி வந்தார். "மெஷின் ஒட்டணும்னு சொன்னேன். முக்கால்வாசி ஒட்டணும்னு சொல்லலையே."

நெடுஞ்செழியன் டார்ச்சைக் கையில் வைத்தபடி நின்றார். இனாயத் பாய் எழுந்துபோய்த் தன் கார்பைடு கேஸைப் பற்றவைத்தார். வேப்பங்குச்சியைக் காதிலிருந்து எடுத்தார். மருந்தைத் தடவி, மிச்ச இரண்டு விரல்கடையையும் ஐந்து நிமிஷத்தில் மூடினார். "வெந்நீர் எத்தினி வாட்டி ஊத்தணும் பி.எஸ்ஸி. அம்மா?" என்றார்.

"மூணு. பிரஷ் போட்டுத் தேய்க்கணும்."

மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். பிறகு அண்டாவை இரண்டு கட்டைகளின்மேல் தூக்கிவைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்ரீரங்கனும் உள்ளே வந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேரும் குந்திக்கொண்டு அண்டாவின் வயிற்றையே பார்த்தோம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, கோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது.

"அது என்னுது" என்றார் இனாயத் பாய் உடனே. "மெஷின் ஒட்டின இடம் பாறை மாதிரி நிக்குது. என் இடம்தான் ஒழுவுது. எழுதி வெச்சிக்கோங்க சேட்."

மாமாவின் முகம் தெளிந்தது. நெடுஞ்செழியன் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்லை" என்றார் அவர். "அது என் இடம். கேஸ் நிக்கறப்போ நான் டார்ச்சை வெடுக்குனு எடுத்துட்டேன். அங்க குழி விழுந்து கீறல் விட்டிருக்கும். பாய்மேல தப்பு இல்லை."

"டேய், சும்மா இரு."

"நீ சும்மா இரு பாய். காலையில ஒரு வாட்டி சொன்னியே, அதே போதும்."

சொல்லிவிட்டு அவர் மாமாவை நேராகப் பார்த்தார். காது மறுபடி சிவந்திருந்தது. "சந்தனமும் நான் வெச்சதுதான்" என்றார்.

மெஷினும் போச்சு, பஸ் பாடிக்கும் போகிறோம் என்று முடிவு செய்துவிட்ட முகம் அது.

மாமா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "பதினாறு வருஷமா பட்டறை நடத்தறேன்" என்றார் கடைசியில். "இதுவரைக்கும் இங்க எது கெட்டாலும் கெடுத்தவன் எவன்னு கண்டுபிடிக்க முடிஞ்சதில்லை. இன்னிக்கு என்னடான்னா ஒவ்வொரு தப்புக்கும் ரெண்டு ரெண்டு பேர் போட்டிக்கு வரான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "செண்பகம், நீ கோடு போட்டியே. துளி எந்தப் பக்கம்?"

நான்கு முகங்களும் என் பக்கம் திரும்பின. மெஷின் ஓடவில்லை. புத்தகமும் கையில் இல்லை. நான் தவழ்ந்துபோய் அண்டாவின் அடியில் பார்த்தேன். இன்னொரு துளி திரண்டுகொண்டிருந்தது. என் பென்சில் கோட்டின் நேர்மேலே. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"கோட்டுமேல" என்றேன்.

"அப்படீன்னா?"

"ரெண்டு பேருது. மத்த இடம் எல்லாம் காய்ஞ்சு இருக்கு. ஒன்றே முக்கால் சாண், ஒரு சொட்டு இல்லை."

எனக்கு அதைவிட நீளமாகப் பேசி வழக்கமில்லை. மாமா தானும் குனிந்து, ஒட்டின கோடு முழுக்க விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். ஈரம் இல்லை.

"மருந்து போடாம, ஒன்றே முக்கால் சாண்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மெஷின் இருக்கட்டும்."

"கேஸு?" என்றார் இனாயத் பாய்.

"வரவழைக்கணும். கல்கத்தாவுக்கு எழுதிப் பார்க்கலாம். செண்பகம் எழுதுவா."

"கல்கத்தாவுல இல்லைன்னா?"

"லண்டனுக்கு எழுதுவா. அதுவரைக்கும் இவன் உன்கிட்ட மருந்து அரைக்கட்டும், நீ இவன்கிட்ட நீளமான பேர் சொல்லிப் பழகு." மாமா நெடுஞ்செழியனிடம் திரும்பினார். "பொட்டு வைக்கணும்னா வெளியில வைப்பா. உள்ள வைக்காதே."

"ஓய், உங்க பஞ்சாயத்து ஆச்சா?" என்றார் ஸ்ரீரங்கன். "அந்த ஒத்தைச் சொட்டை யாராவது நிறுத்துங்கோ. அங்க பால்காரன் வந்துடுவான்."

தண்ணீரைக் கொட்டிக் காயவைத்து, அந்தப் புள்ளியை இனாயத் பாய் மறுபடி மூடினார். இந்தத் தடவை அண்டாவைப் பிடித்துக்கொண்டது நெடுஞ்செழியன். திரும்பத் தண்ணீர் ஊற்றினார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை.

அண்டாவைக் கவிழ்த்து மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நெடுஞ்செழியன் ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். இன்னொன்றையும் அவிழ்த்துக் கட்டினார். கோணிச்சாக்கை மடித்து, ஒட்டின பக்கம் வண்டியின் கட்டையில் இடிக்காமல் செருகினார்.

"அண்டா என்னுது ஐயா" என்றார் ஸ்ரீரங்கன்.

"தெரியுங்க."

வண்டி நகர்ந்தது. கச்சேரி ரோட்டில் திரும்பும் இடத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நெடுஞ்செழியன் சட்டென்று ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அண்டாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் கையை எடுக்கவில்லை.

"அபிராமபுரம்வரைக்கும் நடந்தே போவப்போறான் பாருங்க" என்றார் இனாயத் பாய், கோணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே.

போனார்.